வடிகட்டி ஒட்டிய பிறகும் கணினி சூடாகி அணைகிறது: தறிக்கூடத்துப் பஞ்சை எப்படித் தடுப்பது?

தறிவீட்டுப் பெண் (ஏகாம்பரகுப்பம், நகரி)

வணக்கம். எங்கள் வீட்டின் பின்கட்டில் ஆறு விசைத்தறிகள் ஓடுகின்றன. முன்னறையில் மேசைக் கணினி இருக்கிறது. நெசவாளர் கூலிக் கணக்கு, ஜிஎஸ்டி பில், சேலைக் கரை டிசைன் எல்லாமே அதில்தான். நடுவில் கதவும் திரையும் இருந்தும் பஞ்சு வந்துவிடுகிறது. போன மாதம் திறந்து பார்த்தபோது சிபியு விசிறிக்கு அடியில், அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் கண்ணுக்கே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு படலம் மூடிக்கிடந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பியதும் முழுதாக உரிந்து வந்தது.

சுத்தம் செய்த கையோடு, டவுனில் ஒரு கடையில் சொல்லி முன்பக்கத்தில் புதிதாக ஒரு 120 மி.மீ. விசிறி மாட்டினோம். மெல்லிய நைலான் வலை வாங்கி முன்பக்கம், பக்கவாட்டு ஓட்டை, பின்விசிறி, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்று எல்லா வாயிலிலும் நானே ஒட்டினேன். அன்றிலிருந்து இன்னும் மோசம். நாற்பது நிமிடம் டிசைன் வேலை செய்தால் சிபியு சூடு 97 டிகிரி காட்டுகிறது, பிறகு அணைந்துவிடுகிறது. இரண்டே வாரத்தில் உள்ளே மறுபடியும் பஞ்சு. முன்பக்க வலையிலும் பஞ்சு பிடித்திருக்கிறது, ஆனால் உட்புறமாக. கத்திரி வெயிலின் சூடுதான் காரணமா, வலை மிக நெருக்கமாகிவிட்டதா? ஆடி விற்பனைக்கான டிசைன்கள் பாதியில் நிற்கின்றன. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புத்தூர்வாசி

பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்று அடித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழுதுபார்ப்பவன் (திருத்தணி)

தயவுசெய்து பஞ்சர் கடைக் காற்று வேண்டாம். அந்தத் தொட்டியில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும். அவை மின்சுற்றுப் பலகையில் தெறிக்கும். அந்த வேகத்தில் விசிறி கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் கெடும். கையில் பிடிக்கும் புளோயர் இருந்தால் போதும். அதிலும் விசிறி இறக்கையை ஒரு பென்சிலால் அசையாமல் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும்.

சகோதரி, வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. அறை 40 டிகிரி என்றால் உள்ளே அதற்குக் கீழே இறங்கவே இறங்காது. ஆனால் உங்கள் பதிவின் கடைசியில் இருக்கும் ஒரு வார்த்தைதான் என்னை நிறுத்தியது. பஞ்சு வலையின் உட்புறத்தில் பிடித்திருக்கிறது என்கிறீர்கள். வெளிக்காற்று அந்த வழியாக உள்ளே வந்திருந்தால் வெளிப்புறத்தில் அல்லவா பிடித்திருக்க வேண்டும்? முன்விசிறி திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். கணினியை ஓடவிட்டு, ஒரு ஊதுவத்தியை ஒவ்வொரு வாயிலுக்கும் அருகில் பிடியுங்கள். புகை எங்கே உறிஞ்சப்படுகிறது, எங்கே தள்ளப்படுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பொதட்டூர்பேட்டை நெசவாளர்

ஐயா, நல்ல யோசனைதான், ஆனால் தறிவீட்டில் ஊதுவத்தி வேண்டாம். பறக்கும் பஞ்சில் ஒரு பொறி பட்டால் ஓடிப்போய்ப் பற்றும். எங்கள் தெருவில் நாங்கள் பீடியைக்கூடக் கூடத்துக்கு வெளியேதான் பற்றவைக்கிறோம். அம்மா, உன் வீட்டில் இல்லாத நூலா? ஒரு சாண் ஊடை நூலைக் குச்சியின் நுனியில் கட்டி வாயிலுக்கு முன் பிடி. எந்தப் பக்கம் சாய்கிறது என்று நூலே சொல்லிவிடும்.

பழுதுபார்ப்பவன் (திருத்தணி)

அவர் சொல்வதே சரி. ஊதுவத்தியை மறந்துவிடுங்கள், நூலால் பாருங்கள். வலைகளை எடுத்துவிட்டுப் பாருங்கள், அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

தறிவீட்டுப் பெண்

பார்த்துவிட்டேன். முன்விசிறிக்கு எதிரே நூல் என் பக்கம் பறக்கிறது, காற்று வெளியே வருகிறது! பின்விசிறியிலும் எஸ்எம்பிஎஸ்-இலும் அப்படியே வெளியே. டிவிடி டிரைவின் இடுக்கில் பிடித்தபோது நூல் விறைத்து உள்ளே இழுக்கப்பட்டது. பின்பக்கத்தில் கார்டு செருகும் இடத்தில் ஒரு தகடு இல்லை. அந்தச் சந்திலும் அதே கதை. அதன் ஓரம் முழுக்கப் பஞ்சு மீசை போல முளைத்திருக்கிறது. இத்தனை நாள் அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

பழுதுபார்ப்பவன் (திருத்தணி)

அப்படியானால் மூன்று விசிறிகளும் சேர்ந்து பெட்டியைக் காலி செய்துகொண்டிருக்கின்றன. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தே தீரும். வாசலில் வழி இல்லாவிட்டால் சந்துபொந்தெல்லாம் வழியாகும். சந்துகளில் வடிகட்டி கிடையாது. பஞ்சு உள்ளே வந்தது அப்படித்தான். வெளியேறும் வாய்களிலும் நீங்கள் வலை ஒட்டிவிட்டதால் சூடும் உள்ளேயே தங்கிவிட்டது.

முதலில் பின்விசிறி, எஸ்எம்பிஎஸ் இரண்டின் வலைகளையும் நிரந்தரமாக எடுத்துவிடுங்கள். வெளியேறும் வாயில் வடிகட்டிக்கு வேலையே இல்லை. பிறகு மின்செருகியைப் பிடுங்கிவிட்டு முன்விசிறியைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். விசிறியின் ஒரு முகத்தில் குறுக்குச் சட்டங்களும் ஸ்டிக்கரும் இருக்கும். காற்று அந்தப் பக்கமாகத்தான் வெளியேறும். ஆகவே அந்த முகம் பெட்டியின் உட்பக்கம் பார்த்திருக்க வேண்டும். சில விசிறிகளின் விளிம்பில் சிறிய அம்புக்குறியும் இருக்கும். முன்பக்கத்தில் இன்னொரு விசிறிக்கு இடம் இருந்தால் அதையும் உள்ளிழுக்கும்படி சேருங்கள். வலை போட்டதும் விசிறியின் இழுவை குறையும். ஆகவே உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்ற கணக்கு உங்களுக்கு ஒத்துவராது. வரவு செலவைவிடக் கொஞ்சம் மிஞ்சி நிற்க வேண்டும். அப்போது இடுக்குகளில் காற்று வெளியேதான் கசியும், பஞ்சு நுழையாது. தகடு இல்லாத இடுக்கையும் டிவிடி ஓரத்தையும் டேப்பால் மூடுங்கள். பக்கவாட்டு ஓட்டையை இப்போதைக்கு அட்டையால் மூடிவிட்டு, சூடு எப்படி என்று பாருங்கள்.

இனி வலை. தறிப் பஞ்சுக்கு விசிறி அளவு வலை போதாது. 120 மி.மீ. வட்டத்துக்குள் காற்று வேகமாக நுழைகிறது, பஞ்சு வலையில் அறைந்து ஒட்டிக்கொள்கிறது, சில நாளில் அடைத்துவிடுகிறது. முன்முகம் முழுவதையும் மூடும் அளவுக்கு ஒரு மரச்சட்டம் செய்து, அதில் நைலானை இழுத்துக் கட்டுங்கள். விசிறிக்கும் வலைக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள். பரப்பு கூடினால் காற்றின் வேகம் குறையும். பஞ்சு மேலாகப் படியும், துடைத்தால் வந்துவிடும். சட்டத்தின் ஓரத்தில் ஜன்னலுக்கு ஒட்டும் நுரைப்பட்டையை ஒட்டாவிட்டால் இவ்வளவும் வீண். காற்று ஓர இடுக்கில் புகுந்துவிடும்.

பொள்ளாச்சிக்காரன்

எங்கள் ஊரில் தென்னை நார் ஆலைத் தூசி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது நார்த்துகள் எதிலும் புகும். அதற்குக் கொசுவலை பயனில்லை, கண் பெரிது. உங்கள் பஞ்சோ நீள இழை. வெளியே கொசுவலை, உள்ளே மெல்லிய நைலான் என்று இரண்டடுக்கு போட்டுப் பாருங்கள். பெரிய பஞ்சை வெளிவலையே பிடித்துவிடும்.

பொதட்டூர்பேட்டை நெசவாளர்

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், அம்மா. நம் பஞ்சில், பாவுக்கு (நீளவாக்கில் ஓடும் நூலுக்கு) போடும் கஞ்சியின் பொடியும் இருக்கும். வலையை எடுத்தவுடன் தண்ணீரில் போடாதே, பசையாகிவிடும். முதலில் காய்ந்தபடியே பிரஷ்ஷால் தள்ளிவிடு, பிறகு சோப்புத் தண்ணீரில் அலசு. ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே மாட்டு. இரண்டு வலை வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது மற்றது வேலை செய்யும். பெட்டியைத் தரையில் வைக்காதே. உருளும் பஞ்செல்லாம் தரையில்தான்.

தறிவீட்டுப் பெண்

பத்து நாள் ஆயிற்று. விசிறியைத் திருப்பினேன், இன்னொன்றும் சேர்த்தேன். அச்சுக்கட்டை செய்து தரும் ஆசாரி மாமாவே சட்டமும் செய்து கொடுத்தார். இரண்டடுக்கு வலை கட்டி, பெட்டியை முக்காலியின் மேல் ஏற்றிவிட்டேன். அதே டிசைன் வேலையில் 97 காட்டியது இப்போது 74-ஐத் தாண்டவில்லை. நேற்று மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடியது, ஒரு முறைகூட அணையவில்லை. டிவிடி இடுக்கில் நூலைப் பிடித்தேன். மெல்ல வெளிப்பக்கம் சாய்கிறது!

எட்டாம் நாள் வெளிவலையைத் தொட்டபோது பஞ்சு உள்ளங்கை அகலத்துக்கு ஒரே தாளாக உரிந்து வந்தது. அப்பா அதை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் தறியில் பாவு அதிகம் உரசுகிறது என்று அச்சைப் பார்க்கப் போய்விட்டார். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. எஸ்எம்பிஎஸ் விசிறியிலிருந்து கரகரவென்று சத்தம் வருகிறது. கழற்றித் துடைக்கலாமா?

பழுதுபார்ப்பவன் (திருத்தணி)

அதன் மூடியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும், ஆபத்து. வெளியிலிருந்து புளோயரால் ஊதிப் பாருங்கள். சத்தம் நிற்காவிட்டால் தெரிந்தவரிடம் கொடுத்து அந்த விசிறியை மாற்றிக்கொள்ளுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தறிவீட்டுப் பெண்

சரி அண்ணா. தறி நிற்கும் ஞாயிறன்று ஊதிப் பார்க்கிறேன். நிற்காவிட்டால் திங்கட்கிழமையே கொண்டுபோகிறேன்.