இந்த பேஸ்பால் அஞ்சலட்டை அரியதா? கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஒகையோவில் ஒரு பழம்பொருள் சந்தையில் இந்த அட்டையை வாங்கினேன். அச்சடித்த படம் இல்லை, போட்டோ தாளிலேயே கழுவி எடுத்தது. ஒன்பது ஆட்டக்காரர்கள், நடுவில் காலருகே ஒரு நாய். சட்டையில் 'எஸ்' என்ற ஒற்றை எழுத்து மட்டும். ஊர்ப் பெயர் இல்லை, தபால் முத்திரையும் இல்லை.

பின்பக்கம் நடுவில் கோடு போட்டுப் பிரித்திருக்கிறது. அமெரிக்காவில் அப்படிப் பிரித்த அட்டைக்கு அனுமதி வந்ததே 1907 மார்ச்சில்தான், அதனால் அதற்கு முந்தையதாக இருக்காது. தபால்தலைக் கட்டத்தில் 'அசோ' (AZO) என்ற போட்டோ தாளின் பெயரும், நான்கு மூலையிலும் மேல்நோக்கிய முக்கோணமும் இருக்கின்றன. அப்படியானால் 1918-க்குள் என்று கணிக்கிறேன். சரிதானா?

என் குழப்பம் வேறு. 1907–09இல் டெட்ராய்ட் டைகர்ஸ் வீரர்களுக்கு டீட்ச் என்ற பதிப்பாளர் போட்ட அட்டைகள் என்றால் பட்டியல் இருக்கிறது. அந்த அணியின் நட்சத்திர வீரர் டை காப் அட்டைக்கு ஆலாய்ப் பறப்பார்கள். இது மாதிரி ஊர் அணிப் படத்தை நாலைந்து பிரதிதான் போட்டிருப்பார்கள். அரியதுதான், ஆனால் தேடுகிறவர் யார்? அட்டைகளைச் சோதித்துத் தரம் போடும் நிறுவனங்கள் தரும் எண்ணிக்கைக் கணக்கும் இங்கே உதவாது. அவர்களிடம் போன அட்டைகளை மட்டும்தானே எண்ணுகிறார்கள். விற்றவரோ "உலகத்திலேயே ஒன்றுதான்" என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்!

ஊரைக் கண்டுபிடித்தால் மதிப்பு கூடுமா? சீருடையை வைத்து அணியை அடையாளம் காண வழி உண்டா? இடது மூலையில் ஒரு மடிப்பு இருக்கிறது, அது மதிப்பை எவ்வளவு குறைக்கும்? இரண்டு பக்கப் படமும் கீழே போட்டிருக்கிறேன்.