ஃபிராங்கன்ஸ்டைனுக்குப் பிறகு மேரி ஷெல்லியில் எது?

ஹட்டன் வாசகி:
எங்கள் வாசிப்பு வட்டத்தில் எட்டுப் பேர். மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். ஃபிராங்கன்ஸ்டைன் முடிந்தது. அடுத்த மூன்று கூட்டத்துக்கு 'தி லாஸ்ட் மேன்' எடுக்கலாமா? எல்லோருக்கும் ஆங்கிலம் சரளமாக வராது.

கொட்டகலை டீச்சர்:
தங்கச்சி, அதில் தொடங்க வேண்டாம். 1826இல் மூன்று பாகமாக வந்த நாவல் அது. முதல் பாகம் முழுக்கக் காதலும் அரசியலும்தான். கொள்ளைநோய் என்ற பேச்சே இரண்டாம் பாகத்தில்தான் எழும். நோய்க்கதை என்று நம்பி எடுக்கிறவர்கள் பாதி வழியிலேயே மூடிவைத்துவிடுவார்கள்.

முதல் மாதம் 'மெதில்டா' எடுங்கள். பன்னிரண்டே அத்தியாயம். 1818 செப்டெம்பரில் வெனிஸில் கைக்குழந்தை கிளாரா, 1819 ஜூனில் ரோமில் மூன்று வயது வில்லியம் என்று இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த கையோடு ஆகஸ்டில் மேரி இதை எழுத உட்கார்ந்தார். மகள்மேல் தகப்பன் கொள்ளும் தகாத ஆசைதான் கரு. இதை வட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிலருக்குத் தாங்காது. அச்சுக்கு வழிபார்க்கச் சொல்லித் தன் தகப்பன் வில்லியம் கோட்வினுக்கு 1820இல் பிரதியைக் கொடுத்தனுப்பினார். அவர் அருவருத்தார். அச்சிடவும் முயலவில்லை, கேட்டபோது திருப்பிக் கொடுக்கவும் இல்லை. நூலாக வந்தது 1959இல்.

குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். டவுனில் சிக்னல் இருக்கும்போதே ஃபோனில் இறக்கிக்கொள்ளுங்கள். கோப்பு நீளமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பன்னிரண்டாம் அத்தியாயத்துக்குப் பின்னால் இருப்பது முதல் வரைவும் பதிப்புக் குறிப்புகளும்.

மஸ்கெலியா:
டீச்சர் சொன்ன வரிசை சரி. ஆனால் 'மெதில்டா'வை மேரியின் சொந்தக் கதையாக வாசித்தால் நாவல் கைநழுவிவிடும். வாழ்க்கைதான் பிறகு அதன் பின்னால் வந்தது. கடலை நோக்கிப் போன தகப்பனைத் தேடி மெதில்டா வண்டியில் விரட்டிக்கொண்டு போகும் இடத்தை நிதானமாக வாசியுங்கள். 1822 ஜூலையில் கணவர் பெர்சியின் படகு திரும்பாதபோது மேரியும் அப்படித்தான் வண்டி பிடித்து லிவோர்னோவுக்கு ஓடினார். இந்த ஒற்றுமையை அவரே பின்னால் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

ஆங்கிலம் தடுக்கிறவர்களுக்கு 'தி மோர்ட்டல் இம்மோர்ட்டல்' சிறுகதை. சாகாமருந்தில் பாதியைக் குடித்துவிட்டு 323 வயதில் நிற்கும் ஒருவன். ஒரே மூச்சில் முடிக்கலாம்.

பண்டாரவளை:
'தி லாஸ்ட் மேன்' வாசிக்கும்போது அதைத் 'தொற்றுநோய்' என்று சொல்லாதீர்கள். அது ஆளுக்கு ஆள் ஒட்டும் நோயல்ல என்று கதைசொல்லி லயனெல் வெர்னியே சொல்கிறான், காற்றில் பரவுவது. 'தொற்று' என்றதும், ஊரை அடைத்திருந்தால் தப்பியிருக்கலாமே என்று வாசகருக்குத் தோன்றும். அந்த வழியே இல்லை என்பதில்தான் நாவலின் பயங்கரம் இருக்கிறது. 'கொள்ளைநோய்' பொருந்தும்.

இன்னொன்று. அட்டையில் பெயர் போடாமல் 'ஃபிராங்கன்ஸ்டைன் ஆசிரியர்' என்றுதான் வெளியிட்டார். விமர்சகர்கள் பெயரை வெளிப்படையாக எழுதியதும் மாமனார் சர் திமோதி கொடுத்துவந்த படிப்பணத்தை நிறுத்திவைத்தார். மகன் பெர்சி ஃபுளோரன்ஸை வளர்க்க அதையும் நம்பியிருந்த பெண்.

கொட்டகலை டீச்சர்:
'கொள்ளைநோய்' நல்ல திருத்தம். அப்படியானால் முதல் மாதம் 'மெதில்டா', இரண்டாம் மாதம் சிறுகதை. அந்தக் கூட்டத்திலேயே ஒருவர் 'லாஸ்ட் மேன்' முதல் பாகத்தை இருபது நிமிடத்தில் கதையாகச் சொல்லிவிடட்டும்: வெர்னி, ஏட்ரியன், ரேமண்ட், பெர்டிட்டா, ஐட்ரிஸ், இவாட்னி, இந்த ஆறு பேர் யாருக்கு யார் என்று தெரிந்தால் போதும். மூன்றாம் மாதத்துக்கு எல்லோரும் இரண்டாம் பாகத்திலிருந்து வாசித்து வரலாம்.