ஏசியைக் கொஞ்சம் குறைத்தால் கிரிட் (மின் வலைப்பின்னல்) தாங்குமாம், நம் ஊருக்கு ஒத்துவருமா?

பாமணியாற்றங்கரை (மன்னார்குடி):
பிரிஸ்பேனில் இருக்கும் என் மச்சான் சொன்ன விஷயம். அங்கே வீட்டு ஏசியில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிடுகிறார்களாம், கடும் வெயில் நாளில் கரண்ட் தேவை எகிறும்போது மின் நிறுவனமே சிக்னல் அனுப்பி ஏசியை மட்டுப்படுத்துமாம், அதற்குச் சேரும்போதே கையில் ஒரு தொகை. இங்கே கத்திரியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் தெருவில் வோல்டேஜ் 170க்கு இறங்கிவிடுகிறது, ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்துக்கொண்டே கிடக்கும். இப்படி ஒன்று இங்கே வந்தால் நல்லதா, இல்லை இருக்கிற குளிரையும் பிடுங்குகிற வேலையா? எங்கோ உட்கார்ந்து யாரோ ஏசியை அணைத்தால் அப்பா என்னைத்தான் திட்டுவார்.

மகாமகக்குளத்தான்:
அது குயின்ஸ்லாந்தின் பீக்ஸ்மார்ட் திட்டம் தம்பி. அணைக்க மாட்டார்கள், கம்ப்ரசர் இழுக்கும் கரண்டுக்கு ஒரு வரம்பு கட்டுவார்கள், ஃபேன் பாட்டுக்கு ஓடும், அதுவும் வருடத்தில் சில நாட்கள்தான்.

ஏன் தேவை என்றால், கிரிட்டில் உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். செலவு மிஞ்சினால் கரண்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து கீழே இறங்கும், நம் நாட்டில் 49.90க்கும் 50.05க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது ஞாபகம் இருக்கும். பகலில் சோலார் கைகொடுக்கிறது, பொழுது சாய்ந்ததும் அது போய்விடும், மே தொடக்கத்தில் காற்றாலை சீசனும் சூடுபிடித்திருக்காது, சரியாக அந்த நேரம் பார்த்து எல்லா வீட்டிலும் ஏசி போடுவோம். ஒரு வீட்டுக்கு அரை கிலோவாட் குறைந்தாலும் 8 லட்சம் வீட்டில் 400 மெகாவாட், காடம்பாறை நீரேற்று மின்நிலையம் முழுதாக ஓடுவதற்குச் சமம். தண்ணீரும் வேண்டாம், அணையும் வேண்டாம்.

ஓடம்போக்கி:
கணக்கெல்லாம் சரி அண்ணே, காசு? நமக்கு இரண்டு மாத ஸ்லாப், ராத்திரி ஓட்டினாலும் பகலில் ஓட்டினாலும் யூனிட்டுக்கு ஒரே விலை. 2023இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது, விவசாயம் தவிர மற்றவர்களுக்கு 2025 ஏப்ரலுக்குள் நேரத்துக்கு ஒரு விலை, சூரிய நேரத்தில் 20 சதவீதமாவது மலிவு என்று. அதற்கும் முதலில் எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று கணக்கு வைக்கும் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். சும்மா சேவைக்கு எவன் ஏசியை விட்டுக்கொடுப்பான்?

இன்னொன்று, டெல்டாவில் போர் மோட்டாரை விட்டுவிட்டு ஏசியைப் பிடிப்பானேன். மேட்டூர் திறப்பதற்கு முன்னாலேயே போர் தண்ணீரில் குறுவை நாற்று விடுகிறவர்களின் மோட்டாரை வெயில் நேரத்துக்குத் தள்ளினால் பயிர் கோபித்துக்கொள்ளாது. தூங்குகிற மனுஷன் கோபித்துக்கொள்வான்.

உப்புக்காற்று (நாகை):
மோட்டார் விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் கேட்டவர் சொல்லும் 170 வோல்ட் கிரிட் பிரச்சினை இல்லை, தெரு டிரான்ஸ்பார்மர் பிரச்சினை. இன்வெர்ட்டர் ஏசி வோல்டேஜ் குறைந்தால் அதே வாட்டை எடுக்க ஆம்பியரைக் கூட்டி இழுக்கும், அதனால் வயரில் இழப்பு கூடி வோல்டேஜ் இன்னும் இறங்கும். எனவே சென்னையில் உட்கார்ந்து மாநிலத்துக்கே ஒரு சிக்னல் தட்டுவதைவிட, டிரான்ஸ்பார்மர் வாரியாகப் பிரித்துக் குறைத்தால்தான் நமக்குப் பலன்.

விடுவிப்பதிலும் சூட்சுமம் உண்டு. பத்து மணிக்கு எல்லா ஏசிக்கும் ஒன்றாக வரம்பை எடுத்தால் சூடேறிய அறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் கிளம்பி முன்னைவிடப் பெரிய உச்சம் வரும். ஆளுக்கு சில நிமிடம் முன்பின் விட வேண்டும்.

சாயங்காலமே அறையைக் குளிர வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். கீழ்த்தளத்துக்கு சரி. மொட்டை மாடிக்குக் கீழே படுப்பவருக்கு அது நிற்காது, பகல் முழுக்கக் காய்ந்த தளம் நடுராத்திரி வரை வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். எங்கள் பக்கம் புழுக்கம் வேறு, கம்ப்ரசர் நின்றால் பத்து நிமிடத்தில் உடம்பு பிசுபிசுக்கும். முழுக்க நிறுத்தாமல் இரண்டு டிகிரி ஏற்றி, மேலே ஃபேனைப் போட்டால் அப்பா எழுந்திருக்கவே மாட்டார்.

பாமணியாற்றங்கரை:
நாங்கள் மாடியில்தான் இருக்கிறோம். சரி, டிரான்ஸ்பார்மர் லோடு பற்றித் தெருக்காரர்கள் கையெழுத்து வாங்கி மனு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எத்தனை வீட்டில் ஏசி, எத்தனை டன் என்று பட்டியல் சேர்த்தால் போதுமா?

மகாமகக்குளத்தான்:
கூடவே ராத்திரி பத்து, பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு மீட்டரில் வோல்டேஜ் படம் எடுத்து வையுங்கள். தெரு முனை வீட்டில் ஒன்று, கடைசி வீட்டில் ஒன்று.