மாயா முதல் கேலிக்குச் சிரித்தாள்: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

நெய்தல்:
சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரின் 20ஆம் பருவத்தில், மதுக்கடை நடத்தும் மோவும் மாயாவும் காதலிக்கும் பகுதியைப் பார்த்தவர்களுக்காக எழுதுகிறேன். இணையத்தில் பழகிய பெண்ணை நேரில் சந்திக்கும்போதுதான் அவள் மிகக் குள்ளமானவள் என்று மோவுக்குத் தெரிகிறது. இருந்தும் காதல் வளர்கிறது. திருமணம் பற்றிப் பேசும்போது அவன் வாயிலிருந்து உயரத்தைப் பற்றி ஒரு கேலி தவறி விழ, மாயா சிரித்துவிடுகிறாள். அவ்வளவுதான், அவன் கேலிகளை அடுக்கத் தொடங்கிவிடுகிறான். அவள் போய்விடுகிறாள்.

என் உயரம் நான்கடி ஓர் அங்குலம். பெண் பார்க்க வந்தவர் பதற்றத்தில் வேர்த்துக் கொட்டியபடி, "இந்த வீட்டுப் பரணை யார் சுத்தம் செய்வார்கள்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பாவம் என்று சிரித்தேன். அடுத்து என் ஸ்கூட்டர், பிறகு மின்விசிறி சுவிட்ச், கடைசியில் எங்களுக்குப் பிறக்கப்போகும் குழந்தைகள். எழுந்திருக்கும்போது அப்பாவிடம், "பெண் நன்றாகச் சிரிக்கிறாள், எங்களுக்குச் சம்மதம்" என்றார். அந்தக் கூடத்திலேயே "எனக்குச் சம்மதம் இல்லை" என்றேன். "சிரித்துக்கொண்டுதானே இருந்தாய்?" என்று அத்தை இன்றைக்கும் கேட்கிறாள்.

தெற்குவாசல்:
என் மனைவி என்னைவிட நல்ல உயரம். வரவேற்பில் புகைப்படக்காரர் என் காலடியில் ஒரு பலகையைப் போட்டார். அவள் எடுக்கச் சொன்னாள். எடுத்தார்கள். என் தாய்மாமா மறுபடியும் கொண்டுவந்து வைத்தார். பட்டுப் புடவையோடு குனிய முடியாமல் அவள் அதைக் காலாலேயே மேடையிலிருந்து தள்ளிவிட்டாள். அது கீழே விழும் சத்தம் வீடியோவில் நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்கும். மாமா அன்று சாப்பிடாமல் போனவர்தான், இதுவரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

மழைக்காலம்:
எல்லோரும் மோவைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள். முகம் சரியில்லை என்று ஊரே வாழ்நாள் முழுக்க ஏளனம் செய்த மனிதன் அவன். மாயாவுக்காகத் தன் உயரத்தையே குறைத்துக்கொள்ள அறுவை சிகிச்சை வரை போகிறான். அந்தத் தொடரின் அரைகுறை மருத்துவர் டாக்டர் நிக்கின் கத்திக்குத் துணிந்து படுப்பவனிடம் காதல் இல்லை என்று சொல்ல முடியுமா? என் கழுத்தில் தீக்காயத் தழும்பு இருக்கிறது. என் கணவர் அதை வைத்துக் கேலி செய்வார், நானும் பதிலுக்குச் செய்வேன். நெய்தல் சொல்வது ஒரு அந்நியரைப் பற்றி. இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள்.

நெய்தல்:
அறுவை சிகிச்சைதான் எனக்கு இன்னும் வலிக்கிறது, மழைக்காலம். அவள் விலகிய பிறகும் அவன் யோசித்தது அங்குலத்தைப் பற்றியே. மாயா அதனால்தான் மறுபடியும் மறுக்கிறாள். உங்கள் கணவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்தவர். மோவுக்கு அது தெரியவில்லை.

கரிசல்காடு:
அக்கா, என் அண்ணனுக்கு அகோண்ட்ரோபிளேசியா, அதாவது கை கால் எலும்புகள் நீளமாக வளராத மரபணுக் குறைபாடு. எங்கள் பெற்றோர் இருவரும் சராசரி உயரம்தான், பெரும்பாலான குடும்பங்களில் அப்படித்தான். பன்னிரண்டு வயதில் கால் எலும்பை வெட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் இழுத்து நீட்டலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னார். அண்ணன் மறுத்துவிட்டான். இந்தக் கதையில் டாக்டர் நிக் வந்ததும் மடிக்கணினியை மூடிவிட்டு வெளியே போனான்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குள்ளத்தன்மை தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு 147 சென்டிமீட்டர், அதாவது நான்கடி பத்து அங்குலம், அல்லது அதற்குக் கீழ் என்பது வரையறை. இணையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆதாரும் புகைப்படமும் கையில் இருக்கட்டும். அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து குறைபாடு எத்தனை சதவீதம் என்று போட்டுத் தருவார்கள். 40க்குக் கீழே போட்டால் விடாதீர்கள், மேல்முறையீடு செய்யுங்கள். ஏனென்றால் மத்திய அரசு வேலைகளில் உள்ள 4 சதவீத ஒதுக்கீடு 40 முதல்தான். சான்றிதழ் வாங்கியதும் பல நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டருக்குக் கூடுதல் சக்கரம் பொருத்தினால் பதிவுச் சான்றிலும் அந்த மாற்றத்தைக் குறிக்கச் சொல்லுங்கள்.

தெற்குவாசல்:
அக்கா அட்டையைப் பற்றி எதுவும் கேட்கவில்லையே.

நெய்தல்:
அட்டை என்னிடம் இருக்கிறது, கரிசல்காடு தம்பி. உங்கள் அண்ணன் மீதிக் கதையைப் பிறகு பார்த்தாரா?