கோரிங்கியை ஆர்க்கிட் மொட்டு விரியாமல் கருகுவது ஏன்?

கேள்வி:
சிம்பிடியம் கோரிங்கியையில் ஆகஸ்ட் கடைசியில் மண்மட்டத்தில் மூன்று மொட்டுகள் வந்தன. டிசம்பர் வரை அப்படியே நின்றவை, ஜனவரியில் மேலே மூடிய உறையோடு பழுப்பேறிக் கருகிவிட்டன. செடி இருப்பது 18 டிகிரி அறையில். பக்கத்திலேயே வேறு இரண்டு ஆர்க்கிட்கள், சிம்பிடியம் என்சிஃபோலியமும் நியோஃபினேஷியாவும், பச்சையாக இருக்கின்றன. உரக்குறைவா, தண்ணீர் கூடிவிட்டதா?

பதில் 1:
இரண்டும் இல்லை, குளிர் போதவில்லை. ஜப்பான், கொரியா, சீனக் காடுகளில் இது குளிர்காலத்தைக் கடந்துதான் பூக்கும். மொட்டு கோடையிலேயே உருவாகிவிடும்; ஆனால் பூந்தண்டு நீள, 2 முதல் 8 டிகிரியில் குறைந்தது ஆறு வாரமாவது வேண்டும், எட்டு வாரம் என்றால் நிம்மதி. அது கிடைக்காவிட்டால் தண்டு குட்டையாக நின்று பூ அடியிலேயே விரியும், இல்லையேல் உங்களுடையதைப் போலக் கருகும்.

நவம்பர் கடைசியில் சூடேற்றாத, வெளிச்சமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். தொட்டி உறையக் கூடாது. பிப்ரவரியில் உடனே வெப்பத்துக்குக் கொண்டுவராமல் முதலில் 12 டிகிரியில் வையுங்கள். தொட்டி மட்டத்தில் ஒரு மினிமம்-மாக்சிமம் தெர்மாமீட்டர் கட்டாயம். அறையின் நடுவில் பார்க்கும் அளவும் ஜன்னலோர அளவும் ஒன்றாக இருக்காது.

பதில் 2:
தண்ணீரையும் கவனியுங்கள். குளிரில் தொட்டிக் கலவை முக்கால்வாசி காய்ந்தபின் காலையில் ஊற்றினால் போதும். ஆனால் எலும்பாய்க் காயவிட்டால் குளிர் சரியாக இருந்தும் மொட்டு வாடும். மொட்டைச் சுற்றி ஈரமான ஸ்பேக்னம் பாசியைத் தளர்வாகப் போர்த்துங்கள். உறைக்குள் மட்டும் தண்ணீர் தேங்கக் கூடாது, அழுகிவிடும்.

ஃப்ரிட்ஜில் வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே இருட்டு, காற்றும் வறண்டது. பழுத்த பழங்கள் விடும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்த்துவிடும்.

பதில் 3:
மூன்றையும் ஒரே இடத்தில் வைப்பதுதான் சிக்கல். என்சிஃபோலியம் வெப்பத்தில் வளர்ந்து கோடையில் பூப்பது. குளிர்கால இரவில் 10 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். இந்த வெப்ப அளவில் சிம்பிடியம் சினென்சும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் அது கோடையில் பூப்பதில்லை. நியோஃபினேஷியா இப்போது பச்சையாக இருப்பதை நம்பாதீர்கள்: 5 முதல் 10 டிகிரியில், தண்ணீர் குறைத்து ஓய்வு கொடுக்காவிட்டால் வருடம் போகப்போகப் பூ குறையும். ஓய்வில் இலை லேசாகச் சுருங்கும், பயந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், வசந்தத்தில் நிமிர்ந்துவிடும்.

குளிர்கால இரவு 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடமென்றால், கோரிங்கியையை விட்டுவிட்டு என்சிஃபோலியம் வகைகளையே கூட்டுவது நல்லது.