மறு: ‘ரிலாப்ஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். குடியையோ போதையையோ விட்டவர் மறுபடி அந்தப் பழக்கத்துக்கே திரும்புவதை ஆங்கிலத்தில் ‘ரிலாப்ஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்ட இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘மீள்குடி’ போதுமே. சுருக்கமாக இருக்கிறது, பார்த்தவுடன் புரிகிறது.

சுருக்கம்தான், ஐயா. ஆனால் புரிகிற பொருள் நேர்மாறானது. நான் தாமிரபரணிக் கரையில் ஓர் ஊரில் போதை மறுவாழ்வு ஆலோசகராக இருக்கிறேன். ஏழு மாதம் குடிக்காமல் இருந்த ஒருவர், திருப்பூரிலிருந்து அம்மன் கோயில் கொடை விழாவுக்கு ஊருக்கு வந்தார். கொடை இரவில் பழைய கூட்டாளிகளோடு இரண்டு கிளாஸ். மறுநாள் அவருடைய ஆலோசனை அட்டையில் ‘மீள்குடி’ என்று எழுதினேன். அட்டையை வாங்கிப் பார்த்த தாயார் முகம் மலர்ந்து, “மீண்டுவிட்டான் என்றுதானே போட்டிருக்கிறது?” என்று கேட்டார். குடியிலிருந்து மீள்வதும் மீள்வதுதான், குடிக்கு மீள்வதும் மீள்வதுதான். இப்படி இரண்டு பக்கமும் சாய்கிற சொல்லை மருத்துவ அட்டையில் வைக்கக் கூடாது. (‘மறுகுடி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் பார்த்தால் அணை கட்டும்போது ஊரைக் காலி செய்கிற நினைவுதான் வருகிறது.)

இன்னொரு குறை, இரண்டிலும் ‘குடி’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்களிடம் வருகிறவர்களில் கஞ்சாக்காரர்கள் உண்டு, மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் பொருந்துகிற சொல் வேண்டும்.

> ‘விரத முறிவு’ என்றால் நம் மக்களுக்கு எளிதாகப் புரியும்.

புரியும் என்பதுதான் எனக்குப் பயம். மாலை போட்டிருக்கும்வரை சொட்டுத் தொடாதவர், கயிறு கட்டிக்கொண்டு கோயிலில் சத்தியம் செய்தவர் என்று எத்தனையோ பேரைப் பார்க்கிறோம். முறிந்தது என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அதன்பின் அவர்களுக்குக் கணக்கே இல்லை. ‘முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு’ என்று அன்றிரவே பாட்டிலை முடித்துவிடுவார்கள். ஆலன் மார்லட், ஜூடித் கோர்டன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1985இல் விரித்து எழுதியது ஏறக்குறைய இதைத்தான். முதல் கிளாஸைவிட, ‘எல்லாம் போயிற்று, நான் இவ்வளவுதான்’ என்ற எண்ணம்தான் ஆளைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போகிறது என்றார்கள். ஒரு முறை தவறுவதை லாப்ஸ் என்றும், பழைய பழக்கத்துக்கே திரும்புவதை ரிலாப்ஸ் என்றும் பிரித்தது அதனால்தான். நமக்கு வேண்டியது ஒரு சொல் இல்லை, இரண்டு.

முதலாவதுக்கு நான் முன்வைப்பது ‘சறுக்கல்’. திசையன்விளைப் பக்கம் பனையேறிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். காலில் தளைநார் மாட்டி ஏறுகிறவருக்கும் சில நாள் கால் சறுக்கும். மரத்தை அணைத்துப் பிடித்து நின்றுகொள்வார். ‘ஏன் சறுக்கினாய்’ என்று கீழே நின்று திட்டுவதால் பயனில்லை. நார் தளர்ந்ததா, மரம் ஈரமா என்று பார்க்க வேண்டும். ஆலோசகர் கேட்க வேண்டியதும் அதுவே: எங்கே, யாரோடு, அதற்கு முன் வீட்டில் சண்டையா, சம்பளம் வந்த நாளா? கொடைக்கு வந்தவரிடம் இதைக் கேட்டபோதுதான், வேண்டாம் என்று சொன்னால் மாப்பிள்ளைக்குக் கோபம் வருமே என்ற தயக்கம் வெளியே வந்தது. அடுத்த கொடைக்கு என்ன சொல்லி மறுப்பது என்று இருவரும் அரை மணி நேரம் ஒத்திகை பார்த்தோம்.

‘சறுக்கல்’ விஷயத்தை லேசாக்கிவிடும் என்று மருத்துவ அன்பர் ஒருவர் ஐயப்பட்டிருந்தார். நியாயமான ஐயம். ஓபியாய்டு (அபின் வகை போதை மருந்து) ஊசியைச் சில வாரம் நிறுத்தியவரின் உடலில் தாங்கும் திறன் குறைந்துவிடும். பழைய அளவையே போட்டால் மூச்சு நின்று போகலாம். குடியை விடுவதற்காகக் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரை சாப்பிடுகிறவர் கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு. பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டவரோ வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் சித்தப் பிரமையும் வரலாம். அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் பனையில் சறுக்குவதை எந்த ஊரில் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள்? சொல்லுக்குள்ளேயே உயரம் இருக்கிறது.

இரண்டாவது சொல்லில்தான் இடறுகிறேன். ‘மறுவிழுகை’ என்று எழுதிப் பார்த்தேன். ‘விழுந்துவிட்டார்’ என்றால், எங்கே, சாலையோரத்திலா என்று கேட்கிறார்கள். ஊர் வாயில் ‘பழைய குருடி கதவைத் திறடி’ என்று ஒன்று இருக்கிறது; அதை நோயாளி முகத்துக்கு நேரே சொல்லவும் முடியாது, அட்டையில் எழுதவும் முடியாது. இப்போதைக்கு ‘மறுசரிவு’ என்று வைத்திருக்கிறேன். சரிவு ஒரே நொடியில் நடப்பதில்லை, நடுவில் எங்கேயும் பிடித்து நிறுத்தலாம் என்பது அதில் எனக்குப் பிடித்தது. வினையாக்கினால் ‘மறுபடி சரிந்தார்’. அவ்வளவு மோசமில்லை.

உடன்குடிப் பக்கத்து அன்பர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். மரத்தில் கால் தவறிப் பிடித்து நிற்பதற்குப் பனையேறிகள் வாயில் தனிச்சொல் புழங்கினால் எழுதுங்கள். ‘சறுக்கலை’ அடித்துவிட்டு அதையே அட்டையில் அச்சடித்துவிடலாம்.