முட்டையோடு இருக்கும் ஹெர்மன் ஆமையைக் குளிர் உறக்கத்தில் வைக்கலாமா?

லெஸ்டர்வாசி

வணக்கம். குளிர் நாடுகளில் ஆமை வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். எங்களிடம் இருப்பது ஒரு பெண் ஹெர்மன் ஆமை, பெயர் வள்ளி. ஓட்டின் நீளம் 20 செ.மீ., எடை 1,560 கிராம். ஆண் ஆமை கிடையாது. வழக்கமாக அக்டோபரில் குடல் காலியாவதற்காகத் தீனியை நிறுத்தி, நவம்பரில் குளிர் உறக்கத்துக்காக ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவோம்.

இந்த வருடம் ஆள் ஒரு மாதிரி இருக்கிறாள். தீனியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, ஆனால் சோர்வும் இல்லை. தொட்டியின் ஓரத்தையே சுற்றிச் சுற்றி வருகிறாள். பின்னங்காலால் மண்ணைப் பறித்துப் பாதியில் விட்டுவிடுகிறாள். தூக்கும்போது பின்தொடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்படுகிறது. ஓட்டின் நீளத்துக்கு எவ்வளவு எடை என்று சொல்கிற அட்டவணைப்படி உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. அவளே சாப்பாட்டை விட்டுவிட்டதால், இதையே பட்டினிக் காலமாகக் கணக்கில் வைத்து ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிவிடலாமா?

ஈஸ்ட்ஹாம் தம்பி

பயப்படாமல் வையுங்கள் அக்கா. காட்டில் இருக்கிற ஆமைக்கு யார் எக்ஸ்ரே எடுக்கிறார்கள்?

ஸ்டுட்கார்ட் சித்தி

தம்பி, காட்டு ஆமை முட்டையிடும் இடத்தைத் தானே தேடிப் போகும். தொட்டியில் இருப்பது எங்கே போகும்?

லெஸ்டர்வாசி, தயவுசெய்து இப்போது குளிரவைக்காதீர்கள். நீங்கள் சொல்வது பட்டினி இல்லை, முட்டையிட இடம் தேடுகிற பெண் ஆமையின் நடத்தை. முட்டை வெளியே வர அவளுக்குச் சூடு வேண்டும். சூட்டைக் குறைத்தால் முட்டை உள்ளேயே தங்கும், ஓடு தடித்துக்கொண்டே போகும், அப்புறம் தானாக இடுவது கஷ்டம். உள்ளே உடைந்தால் மஞ்சள் கரு வயிற்றுக்குள் கசிந்து உயிருக்கே ஆபத்து.

ஆண் இல்லை என்பதால் முட்டை இருக்காது என்று நினைக்காதீர்கள். ஆண் இல்லாமலும் கருவுறாத முட்டை இடும். முன்பு எப்போதாவது ஆணோடு இருந்திருந்தால், விந்தைச் சில வருடங்கள் வரை உடம்பில் சேமித்து வைத்திருக்கும்.

எடைக் கணக்கு இந்த நேரத்தில் உங்களை ஏமாற்றும். 20 செ.மீ. ஆமைக்குச் சுமார் 1,530 கிராம் நல்ல எடை, சரி. ஆனால் ஹெர்மன் முட்டை ஒன்று ஏறக்குறைய 15 கிராம் இருக்கும். ஐந்து முட்டை என்றால் 75 கிராம் முட்டையின் எடை, வள்ளியின் எடை இல்லை. அவள் உடம்பிலிருந்த சுண்ணாம்புச் சத்தும் அந்த ஓடுகளுக்குப் போயிருக்கும்.

கெட்டியாகப் படுவதை அழுத்திப் பார்க்க வேண்டாம், முட்டை உடையலாம். அது சிறுநீர்ப்பைக் கல்லாகவும் இருக்கலாம், கையால் பிரித்துச் சொல்ல முடியாது. ஊர்வன பார்க்கும் டாக்டரிடம் எக்ஸ்ரே எடுங்கள். ஸ்கேனில் ஓடில்லாத மஞ்சள் கரு மட்டும் தெரிந்தால் பதற வேண்டாம், அடுத்த வசந்தத்து முட்டைகளுக்கான மஞ்சள் கரு இலையுதிர் காலத்திலேயே வளரத் தொடங்குவது இயல்பு. எக்ஸ்ரேயில் ஓட்டோடு தெரிகிற முட்டைதான் இப்போதைய பிரச்சினை.

டாக்டரைப் பார்க்கும் வரை: மணலும் தோட்ட மண்ணும் கலந்து 30 செ.மீ. ஆழத்துக்கு நிரப்புங்கள். கையில் பிடித்தால் பிடி நிற்கிற அளவு ஈரம் இருக்கட்டும். காய்ந்த மணல் குழிக்குள் சரிந்துகொண்டே இருக்கும், அவள் வெறுத்துப்போய் விட்டுவிடுவாள். பாதியில் விடுவதற்கு அதுவே காரணமாகக்கூட இருக்கலாம். மேலே வெப்ப விளக்கும், வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதா ஒளி தரும் யூவிபி விளக்கும். சுற்றிலும் மறைப்பு. தினமும் வெதுவெதுப்பான நீரில் குளியல். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு ஒன்று போட்டு வையுங்கள்.

தாம்பரம் குமார்

நடுவில் ஒரு சந்தேகம். என் நண்பர் வீட்டில் நட்சத்திர ஆமை இருக்கிறது. மார்கழியில் அதையும் ஃப்ரிட்ஜில் வைக்கணுமா?

ஸ்டுட்கார்ட் சித்தி

ஐயோ, வேண்டாம்! நட்சத்திர ஆமைக்குக் குளிர் உறக்கமே கிடையாது, செத்துப்போகும். இந்தியாவில் அதை வீட்டில் வளர்ப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

லெஸ்டர்வாசி

எக்ஸ்ரேயில் ஐந்து முட்டை, எல்லாம் ஓட்டோடு! அடைப்பு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, முதலில் கால்சியம் கொடுத்து, அப்புறம் முட்டையை வெளியே தள்ள வைக்கும் ஆக்சிடோசின் ஊசி போட்டார்கள். வீட்டில் மண் பெட்டியில் நான்கு இட்டுவிட்டாள். இப்போது அமைதியாகப் படுத்திருக்கிறாள். ஐந்தாவதைக் காணோம். மண் முழுவதும் கிளறிவிட்டேன்.

ஸ்டுட்கார்ட் சித்தி

நல்ல சேதி. ஆனால் ஐந்துக்கு ஐந்து கணக்கு நேராகும் வரை தீனியை நிறுத்தாதீர்கள். கடைசி முட்டையைத் தரையிலோ குளிக்கிற தண்ணீரிலோ போட்டுவிடுவது சகஜம், அங்கே பாருங்கள். வரவில்லை என்றால் மறுபடியும் எக்ஸ்ரே.

லெஸ்டர்வாசி

சித்தி, நீங்கள் சொன்ன மாதிரியே குளியல் தொட்டியில்! ஓடு மற்றதைவிடச் சொரசொரப்பாக இருக்கிறது. நிறுத்துப் பார்த்தேன், வள்ளி இப்போது 1,475 கிராம். டான்டிலையன் இலையை ஆவலாகத் தின்கிறாள். இனிமேல் உறக்கத்தில் வைக்கலாமா, இல்லை இந்த வருடம் வேண்டாமா?

ஸ்டுட்கார்ட் சித்தி

நான்கு வாரமாவது சூட்டில் வைத்து நன்றாகத் தீனி கொடுங்கள். எடை ஏறி, டாக்டரும் சரி என்றால் பட்டினியைத் தொடங்கலாம். மூன்று, நான்கு வாரம் தீனி இல்லை. தண்ணீரும் குளியலும் உண்டு. முதல் பாதியில் சூடு குறையக் கூடாது, சூடு இருந்தால்தான் குடல் காலியாகும். மிச்சம் இருக்கும் தீனி உறக்கத்தில் உள்ளேயே அழுகும். அதன்பிறகு படிப்படியாகக் குளிர்வித்து ஃப்ரிட்ஜுக்கு, 5 டிகிரியில். 3-க்குக் கீழும் 7-க்கு மேலும் போகக் கூடாது. காற்றுக்காகக் கதவைத் தினமும் ஒருமுறை திறந்து மூடுங்கள்.

இந்த முறை ஆறு வாரம் போதும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், மாதத்துக்கு ஒரு சதவீதம் வரை குறைவது சாதாரணம். மளமளவென்று இறங்கினாலோ, பெட்டியில் சிறுநீர் கழித்திருந்தாலோ அன்றைக்கே எழுப்பிவிடுங்கள்.

எடை ஏறவில்லை என்றால் உறக்கமே வேண்டாம். விளக்கின் கீழ் விழித்திருந்தே குளிர்காலத்தைக் கழிக்கட்டும். மின்கட்டணம்தான் கொஞ்சம் ஏறும். ஒரு வருடம் தூங்காததால் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஈஸ்ட்ஹாம் தம்பி

அந்த மண் கலவை எத்தனைக்கு எத்தனை சித்தி? எங்கள் ஆமையும் ஓரமாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஸ்டுட்கார்ட் சித்தி

பாதிக்குப் பாதி. எக்ஸ்ரேக்கும் நேரம் வாங்கிவிடுங்கள் தம்பி.